தங்கை மகள் மேல் வந்த பொறாமை

தையல்கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து தைக்கிற அக்காவுக்கு 'ஒத்தக்கை' என்று பட்டப்பெயர். ஒருமுறை சட்டைக்கு ஒரு கையை மட்டும் வைத்துத் தைத்து, இஸ்திரியும் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஏற்கெனவே பேசாதவள், அதற்குப் பிறகு மறந்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்க மட்டும்தான் வாயைத் திறப்பாள். ஐம்பது வயதாகியும், அவளைச் சோம்பேறி என்று திட்டாத ஆள் வீட்டில் கிடையாது.

போன மாதம் தங்கை மகளை டாக்டரிடம் காட்டினார்கள். இது கவனச்சிதறல், மூளையின் வாகு அப்படி, பிள்ளை மேல் தப்பில்லை என்றார் அவர். அன்றுமுதல் பிள்ளை எதை மறந்தாலும் தங்கை, "பரவாயில்லடா கண்ணு, மெதுவா செய்" என்று கொஞ்சினாள். கேட்கக் கேட்க அக்காவுக்கு வயிறு எரிந்தது. பத்து வயதுப் பிள்ளையோடா போட்டி என்று வெட்கமாகவும் இருந்தது.

யாருக்கும் சொல்லாமல் அதே டாக்டரிடம் போனாள். பரிசோதித்துவிட்டு, "உங்களுக்கும் அதேதாம்மா, சின்ன வயசுல இருந்தே" என்றார்.

மறுநாள் தங்கை கடைக்கு வந்தாள். "என் ஜாக்கெட் தச்சாச்சாக்கா?"

"மறந்துட்டேன்."

"உன் மண்டைக்குள்ள என்னதான் இருக்கு?"

"உன் பொண்ணுக்கு இருக்கிறதுதான். டாக்டரே சொல்லிட்டார். அவளைக் கொஞ்சுற மாதிரி என்னையும் ஒரு தடவை கொஞ்சேன்."

தங்கை திகைத்துப் போனாள். "இந்த வயசுல கொஞ்சல் கேக்குதா உனக்கு?"

"ஆமா, கேக்குது. நீ கொஞ்சாட்டி போ, நானே கொஞ்சிக்கிறேன்."

பொறாமை முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் மறந்ததற்கு மன்னிப்புக் கேட்காமல் அக்கா துணியைத் தைக்க எடுத்தது அன்றுதான் முதல்முறை.