அக்காவின் கல்யாணப் பந்தலில் நான் போட்ட முடிச்சுகள்

அக்காவின் கல்யாணப் பந்தலைக் காற்று தூக்கப் பார்த்ததற்குக் காரணம் நான். பழி அத்தைமேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாய்க்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு முன்னால் போட்ட பந்தல் அது. சாரலடிக்காமல் இருக்க நான்கு பக்கமும் கித்தான் மறைப்புக் கட்டியிருந்தார்கள். கட்டியவர் அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை, தோட்டத்தில் பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டுபவர். எல்லாக் கயிற்றிலும் ஒரே இழுப்பில் அவிழ்கிற உருவுமுடிச்சையே போட்டிருந்தார்.

“காத்து அடிச்சா மறைப்ப உடனே அவுத்து விட்டுரணும் லா. உள்ள வந்த காத்துக்கு வெளிய போக வழி இல்லன்னா, பந்தலயே தூக்கிரும்,” என்றார்.

லயத்துப் பையன்கள் கயிற்று நுனியைச் சுண்டி மறைப்பைச் சரியவிட்டு விளையாடினார்கள். “என்னா மச்சான், உங்க அத்தைக்கு ஒரு முடிச்சு ஒழுங்கா போடத் தெரியல?” என்றான் ஒருவன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பள்ளிச் சாரணர் படையில் கற்ற முடிச்சை ஒவ்வொரு கயிற்றிலும் இறுக்கிப் போட்டேன். அதற்குப் பிறகு யாராலும் அவிழ்க்க முடியவில்லை. எனக்கு ஒரே பெருமை.

தாலி கட்டி, பந்தி நடந்துகொண்டிருந்தபோது காற்று வந்தது. மறைப்புகள் புடைத்தன, பந்தற்கால்கள் மண்ணைவிட்டு எழும்பின. அத்தை ஒரு கயிற்றை இழுத்தார். அடுத்ததை இழுத்தார். எதுவும் அவிழவில்லை. வீட்டுக்குள் ஓடிப் பால்வெட்டுக் கத்தியோடு வந்தார்.

“புள்ளைங்கள வெளிய தூக்குங்க!”

எதிரெதிர்ப் பக்கங்களில் கயிறுகளை அறுத்தார். கைக்கு எட்டாத இடத்தில் கித்தானையே கிழித்தார். ஒருபுறம் நுழைந்த காற்று மறுபுறம் போயிற்று. பந்தல் ஆடிவிட்டு நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அப்படியொரு நிதானத்தை அதற்குப் பிறகு நான் எவரிடமும் கண்டதில்லை.

மாப்பிள்ளையின் தாயாருக்கோ கத்திதான் கண்ணில் பட்டது. “அவுக்க முடியாத மாதிரி கட்டிட்டு, தாலி கட்டுன பந்தல்ல கத்தி வைக்கிறதா?” என்றார். அத்தோடு மங்கல காரியங்களில் அத்தையின் இடம் சமையல் பக்கம் என்றாகிவிட்டது.

சென்ற ஆண்டு, ஈப்போவில் அக்காவின் பேரனுக்குக் கல்யாணம். அதற்கு முன்பாக உறவினர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா அழுதுவிட்டார். அவர் கணவர், “அதுக்காகவா அவங்கள ஒதுக்கி வச்சிருந்தோம்? எனக்கு மறந்தே போச்சு லா,” என்றார். காரணம் மறந்திருந்தது. ஒதுக்குவது மட்டும் நிற்கவில்லை.

கல்யாணத்தன்று தாலித் தட்டை முதலில் அத்தையிடம்தான் நீட்டினார்கள். தொட்டு ஆசீர்வதித்தார். பிறகு அருகில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

“தெரியும்டா. லயத்துல அந்த முடிச்சு வேற யாரு போடுவா?”

“அப்ப ஏன் அத்தை என்னைக் கேக்கல?”

“கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்ப. சின்னப்புள்ள, அதையும் ஏன் பழகணும்னு விட்டுட்டேன்.”

நான் அன்று தப்பியது என் சாமர்த்தியத்தால் என்றே அதுவரை நினைத்திருந்தேன்.