குடைக்காரர் திரும்பவே இல்லை

பதினெட்டாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்ததும் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். எங்காவது இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நம்பினேன். குளுவாங்கில் பாட்டில் மூடி செய்யும் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அது ஒரு ஜப்பானியப் பேய்க்கதை மங்கா, படக்கதைத் தொடர். மலாய் மொழிபெயர்ப்பில் நான்கைந்து மாதத்துக்கு ஒரு பாகம் வரும். கதையில் யார் செத்தாலும் அந்த இடத்தில் ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். மழையே இல்லாவிட்டாலும் குடை பிடித்திருப்பார். அவர் யார்? நாயகியின் அம்மாவை எங்கே கூட்டிக்கொண்டு போனார்? ஏழு வருடமாக இந்த இரண்டு கேள்விகளும் என் மண்டையைக் குடைந்தன.

என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை. வாரநாட்களில் சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஜொகூர் பாருவில் நண்பர்களோடு அறை. சனிக்கிழமைதான் ரெங்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார். புதுப் பாகம் வந்தால் அவரே குளுவாங் கடைக்குப் போய் வாங்கி வருவார். ஞாயிறு காலை பசியாறிவிட்டு இருவரும் சேர்ந்து பிளாஸ்டிக் உறையைப் பிரிப்போம். ஞாயிறுக்கு ஒரு அத்தியாயம்தான். யாரும் தனியாகப் படிக்கக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

புதுப் பாகம் வராத ஞாயிறுகளில் நான் ஊகம் சொல்வேன். குடைக்காரர் நாயகியின் தாத்தா, இல்லை, அவள் பள்ளி வாத்தியார், இல்லை, அவளேதான். எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்தேன். அது மூன்று நோட்டு ஆயிற்று. அவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு, "இருக்கலாம்மா, இத நான் யோசிக்கவே இல்ல" என்பார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று தொழிற்சாலையில் பெருமையடித்துக்கொண்டேன்.

அந்தக் கடைசிப் பாகத்தில் குடைக்காரர் மெல்லத் திரும்புகிறார். தோள் தெரிகிறது, காது தெரிகிறது. பக்கத்தைப் புரட்டினால் வெறும் கடல். அதோடு முற்றும்.

"பக்கம் விட்டுப்போச்சுங்க" என்றேன். மங்காவில் பாதிப் பக்கங்களுக்கு எண்ணே இருக்காது, எனவே அச்சகத்தின் கோளாறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"விடும்மா. இதுக்குப் போயி கடைக்கு அலைவியா?" என்றார் அவர்.

அலைந்தேன். மறுநாள் வேலை முடிந்ததும் கடைக்காரச் சீனத்து ஆண்ட்டியின் முன்னால் புத்தகத்தை வைத்தேன். அவர் அலமாரியிலிருந்து இன்னொரு பிரதியை எடுத்துப் பிரித்துக் காட்டினார். அதிலும் கடல்தான். "சூடா ஹாபிஸ் லா" என்றார். முடிந்துவிட்டதாம். பிறகு மலாயில் சாதாரணமாகச் சொன்னார்: "போன வருஷமே உன் புருஷன் வந்து கேட்டாரே. இன்டர்நெட்டில் கதை இப்படி முடிஞ்சிருக்கு, பதில் சொல்ற இன்னொரு புத்தகம் வருமான்னு. வராதுன்னு சொன்னேன். உன்கிட்ட சொல்லலையா?"

பேருந்தில் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுதியவர் மேலும் ஆத்திரம்தான். விடை தெரியாதவர் எதற்காக ஒருவர் கையில் குடையைக் கொடுத்து ஏழு வருடம் நிற்க வைக்க வேண்டும்? ஆனாலும் அவருக்கு என்னைத் தெரியாது. விடை இல்லை என்று தெரிந்தும் எதிரே உட்கார்ந்து, ஒரு வருடமாக "இருக்கலாம்மா" என்று என் காதில் பூச்சுற்றியவருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

சனிக்கிழமை அவர் தலைக்கவசத்தைக் கழற்றும்போதே கேட்டேன். "எப்பலேர்ந்து படிக்கிறீங்க?"

"எத?"

"ஆண்ட்டி சொல்லிட்டாங்க."

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பாலத்துல ஜாம்ல நிக்கிறப்ப போன்ல பாத்தேன்மா. ஒரு தடவதான்னு நெனச்சேன். நிறுத்த முடியல."

"முடிவு தெரிஞ்ச பொறவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"பதிலே இல்லன்னு சொன்னா நீ எழுதறத விட்டுருவ. நீ சொல்றதக் கேக்கத்தான் வாரம் பூரா காத்திருக்கேன்."

ஒரு நொடி எனக்கு இனித்தது. அடுத்த நொடி கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் மண்டைய ஒடச்சிக்கிட்டேன், நீங்க ஒக்காந்து வேடிக்கை பாத்தீங்க!"

எத்தனையாவது பாகத்திலிருந்து என்று கேட்டேன். பதினைந்து என்றார்.

பதினோராம் பாகம் வந்தபோது என் அம்மா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதில் நாயகி தன் அம்மாவின் செருப்பை வாசலில் பார்க்கிறாள். உள்ளே யாரும் இல்லை. அந்தப் பக்கத்தில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். அன்று நானும் அழுதேன். அம்மா போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அன்றைக்குத்தான்.

"அப்ப பதினொண்ணுல?" என்றேன்.

"அது நெசமா அழுததும்மா. சத்தியமா."

மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தேன். குறை எதுவும் தெரியவில்லை. "இருக்கலாம்மா" என்று சொன்ன ஞாயிறுகளிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"இருக்கலாம்" என்றேன்.