நாற்பதாவது காது

இது நடந்தது. நடந்த அறை சேலத்தில் இருக்கிறது, அச்சடித்த தாளும் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். துணைக்கு என்னை மட்டும் கூப்பிடாதீர்கள். மேலே பல்லி விழுந்தாலே இரண்டு நாள் படுத்துக்கொள்கிற ஆள் நான்.

இளவழகன் பல்கலைக்கழகத்தின் செவித்திறன் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவன். போர்வெல் ரிக் வண்டியின் இரைச்சல் தொழிலாளிகளின் காதை எவ்வளவு தின்கிறது என்பது ஆய்வு. காது கெட்டவர்கள் நாற்பது பேர், ஒப்பிட நல்ல காதுக்காரர்கள் நாற்பது பேர் வேண்டும். கெட்ட காது திருச்செங்கோட்டில் தடுக்கி விழுந்தால் கிடைத்தது. நல்ல காது முப்பத்தொன்பதோடு நின்றுவிட்டது. அவனுக்கே அருமையான காதுதான். ஆனால் சோதிப்பவனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி. அவன் காதைச் சோதித்த வரைபடத் தாள் மாதிரிக்காகச் சுவரில் ஒட்டியிருந்தது. சின்ன வயதில் காதருகே வெடித்த தீபாவளி வெடியின் தயவில், இடது காதுக் கோட்டில் மட்டும் ஒரு சிறு பள்ளம்.

ஜூன் மாதம் சின்னுசாமி வந்திருந்தார். கெட்ட காதில் பதினேழாவது ஆள், இருபது வருட ரிக் வேலை. சோதனை முடிந்ததும் இளவழகனின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காது கேக்கலைன்னு ஒரு லெட்டர் குடுங்க சாமி. லெட்டர் இருந்தா, பைப்புக்கிட்ட நிக்க வேண்டாம், சமையலுக்கு மாத்தி உடறேன்னு ஓனர் சொல்றாருங்க."

பேராசிரியரிடம் கையெழுத்து வாங்க இரண்டு மாடி ஏற வேண்டும். இளவழகனுக்குச் சோம்பல். பக்கத்தில் சக மாணவி சௌந்தர்யா வேறு இருந்தாள். அவளைச் சிரிக்க வைக்க வேண்டாமா?

"எனக்கு நல்ல காது ஒரு ஜோடி கொறையுதுங்க. கொண்டாந்து குடுங்க, லெட்டர் தாரேன்."

அவள் சிரித்தாள். சின்னுசாமியும் சேர்ந்து சிரித்தார்.

"சரிங்க சாமி. கொண்டாரேன்."

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை. மாலை ஐந்துக்குள் நாற்பதாவது ஆள் வேண்டும், இல்லையென்றால் ஆய்வேடு அடுத்த வருடம்தான். வருகிறேன் என்றவன் வரவில்லை. 3.10. சௌந்தர்யா டீ குடிக்கப் போனாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கருவி. அந்தப் பக்கம் வெளிச்சத்தம் புகாத சோதனை அறை. அதில் ஒரு நாற்காலி, ஹெட்போன், பட்டன். கருவியின் ஒலி கேட்டால் உட்கார்ந்திருப்பவர் பட்டனை அழுத்துவார், இங்கே பச்சை விளக்கு எரியும்.

3.14. காலி அறைக்குச் சும்மா ஒரு ஒலி அனுப்பினான்.

விளக்கு எரிந்தது.

ஒயர் கோளாறு என்று நினைத்தான். ஒன்றும் அனுப்பாமல் ஒரு நிமிடம் காத்திருந்தான். எரியவில்லை. அனுப்பினான்... எரிந்தது. குறைத்தான். எரிந்தது. நாய்க்காவது கேட்குமா என்கிற அளவுக்குக் குறைத்தான்.

எரிந்தது.

கண்ணாடி வழியாகப் பார்த்தான். நாற்காலியில் யாரும் இல்லை. ஹெட்போன் கொக்கியில்தான் தொங்கியது.

நீங்களும் நானும் ஓடியிருப்போம். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். 3.21.

'நபர் 40' என்று தட்டினான்.

வலது காது... பச்சை. பச்சை. பச்சை. இடது காதில் ஓர் இடத்தில் மட்டும் விளக்கு கொஞ்சம் தயங்கியது.

டீசல் வாடை வந்தது. அதோடு, போர்வெல் போடும் இடத்தில் வருகிற நனைந்த கல்மாவு வாடை.

3.38. தாள் அச்சாகி வந்தது.

சோதனை அறைக்குள் பேசுவதைக் கேட்கிற ஸ்பீக்கரில் மூச்சு... பிறகு குரல்.

"கொண்டாந்துட்டனுங்க சாமி."

மின்விசிறிச் சத்தம் நின்றது. கரண்ட் போய்விட்டதென்று நிமிர்ந்தான்.

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

சௌந்தர்யா வந்தாள். அவள் வாய் அசைந்தது. அவ்வளவுதான்.

அவளே அவனை உட்கார வைத்துச் சோதித்தாள். வந்த கோடு எங்கேயோ பார்த்த கோடு. சின்னுசாமியின் பதினேழாம் தாளின் மேல் வைத்தாள். புள்ளிக்குப் புள்ளி பொருந்தியது.

சின்னுசாமியின் எண்ணுக்கு அழைத்தாள். அவர் மனைவி மாரக்காள் எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதி இளவழகனிடம் நீட்டினாள்.

"அவரு போயி பதினோரு நாளாச்சுங்க. பைப்பு சரிஞ்சுதுங்க. எல்லாரும் கத்துனாங்களாம், திரும்பவேயில்லையாம். லெட்டரு வந்துரும்னு சொல்லிட்டே இருந்தாருங்க."

இளவழகன் நாற்பதாம் தாளை எடுத்தான். அருமையான காது. சுவரில் இருந்த தன் தாளின் பக்கத்தில் பிடித்தான்...

இடது காதுக் கோட்டில், அதே தீபாவளிப் பள்ளம்.