தாண்டக் கூடாத கயிறு

இந்த ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் நலம் விசாரிப்பது குறைவு. கப்பலை மட்டும் தவறாமல் விசாரிக்கிறார்கள். ரொட்டிக் கடையில் நிற்கும்போது, முன்பின் பேசியிராத ஒருவர் என் பக்கம் திரும்பி, "அவள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்கிறார். அவள் என்றால் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும் மரக்கப்பல். ஒரு காலத்தில் உப்புமீன் ஏற்றிப் போனவள். இப்போது அவளைப் பழைய முறைப்படியே, உளுத்த பலகையை மட்டும் மாற்றி, பைன் மரத்துத் தார் பூசிக் காப்பாற்றி வருகிறார்கள். சம்பளமில்லாமல் ஊரே கூடிச் செய்யும் இந்த மாதிரி வேலைக்கு நார்வேயில் டுக்னாட் என்று பெயர். பாலாற்றில் தண்ணீரைவிட மணலை அதிகம் பார்த்து வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரனான நான், "இடுக்கில் சணல் அடைத்தாகிவிட்டது, சௌக்கியமாக இருக்கிறாள்" என்று பதில் சொல்கிறேன்.

கணினி வேலைக்கு இங்கே வந்த புதிதில், பேச ஆளில்லாமல் விடுமுறை நாட்களில் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன். படகு மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஓலாவ் ஒரு சனிக்கிழமை என்னைப் பார்த்தார். பழைய தாரைச் சுரண்டும் தகடு ஒன்றை என் கையில் திணித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் வரவேற்பு. மத்தியானம் சுடச்சுட வாஃபில் என்னும் அப்பம் கொடுத்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்டவன்தான்.

பெரிய காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் என் அக்காவுக்கு இது ஒன்றுமே புரியவில்லை. "சம்பளம் இல்லியா? அப்ப எதுக்குடா குளிர்ல போய் சொரண்டிக்கினு இருக்கிற? இங்க நம்ம வூட்டு ஜன்னல்ல பெயின்ட் உரிஞ்சிக்கினு இருக்குது. வந்து அத சொரண்டிக் குடுப்பா!" என்று போனில் மானத்தை வாங்கினாள்.

சுரண்டுவதில் சிக்கலில்லை. கயிறுகள்தான் சிக்கல். கப்பல் தளம் முழுக்கக் கயிறு கிடக்கும். கழற்றிப் போட்ட பாய்மரமும் கரையில் நீட்டிப் படுத்திருக்கும். எல்லோரும் காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போவார்கள். நான் மட்டும் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்து சுற்றிக்கொண்டு வருவேன். எங்கள் வீட்டில் தறியிலிருந்து சுவர்வரை பட்டுப் பாவு முழங்கால் உயரத்தில் நீண்டிருக்கும். அடுப்பங்கரையில் பால் பொங்கி வழிந்தாலும் யாரும் அதைத் தாண்ட மாட்டோம், சுற்றிக்கொண்டுதான் ஓடுவோம். சோறு போடும் நூலைத் தாண்டினால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். தேரன்றைக்குத் தெருவில் கிடக்கும் வடத்துக்கும் அதே மரியாதைதான். இதையெல்லாம் நான் யோசித்துச் செய்யவில்லை. நீளமாக ஒன்று கிடந்தால் என் கால் தானாகவே திரும்பிக்கொள்ளும்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஓலாவ் என்மேல் வைத்த பிரியத்தைச் சொல்லி மாளாது. நான் தூக்கப் போன சுமையை முந்திக்கொண்டு தூக்குவார். மண்டியிட்டு வேலை செய்யும் இடத்தில் மெத்தென்று ஏதாவது விரித்து வைப்பார். அவர் மனைவி கம்பளி நூலில் முழங்கால் உறை பின்னிக் கொடுத்தனுப்பினார். இந்த ஊரில் எல்லோருக்கும் இப்படித்தான் பின்னிக் கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்து நானும் மாட்டிக்கொண்டேன். இதமாகவே இருந்தது.

வசந்தம் வந்ததும் கப்பல் அந்த வருஷத்தில் முதல்முறையாகக் கடலுக்குக் கிளம்பும். அதில் போக வேண்டும் என்பதுதான் குளிர்காலம் முழுக்க என் ஒரே ஆசை. கப்பல் தலைவி ராண்டி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நீ கரையிலேயே இரு. கட்டுக் கயிற்றை அவிழ்த்துவிட ஒருவர் வேண்டும்."

"ஏன்?"

"உன் முழங்கால். பாவம், ஒரு கயிற்றைக்கூடத் தாண்ட முடியாமல் சுற்றிப் போகிறாய். அலையில் ஓட முடியாது."

உறையின் ரகசியம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. என் முழங்கால் கல்லு மாதிரி இருக்கிறது என்று காட்ட, அங்கேயே உட்கார்ந்து எழுந்து தோப்புக்கரணம் போட்டேன். ராண்டி பயந்துவிட்டார். பிறகு தறி, பாவு, அம்மா எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வேஜியனில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார், கிண்டல் செய்யவில்லை. "சரி. ஆனால் கப்பலில் சுற்றிப் போக இடம் கிடையாது. நான் கூப்பிட்டால் நேராக வர வேண்டும். வருவாயா?" என்றார்.

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அக்காவிடம் கேட்டிருக்கக் கூடாது, கேட்டேன். "எத வேணா பண்ணு, தாண்ட மட்டும் தாண்டாதப்பா. தண்ணி மேல போறது. அது மேல எத்தன உசுரு இருக்குது!" என்றாள். அவளிடம் சரி என்றேன். மறுநாள் ராண்டியிடமும் சரி என்றேன்.

கிளம்பிய அன்று காற்று நன்றாக வீசியது. துறைமுகம் பின்னால் போனதும் பாய் ஏற்றத் தொடங்கினார்கள். இழுக்க ஆள் போதவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ராண்டி என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நடுவில் பாய்க்கயிற்றின் மிச்சம், கை தடிமனில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை தளத்தில் கிடந்தது. கால் சுற்றுவழி தேடித் திரும்பியது. மறுபடியும் கத்தினார். வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன்.

இடது காலை எடுப்பதற்குள் இடுப்பு தானாக வளைந்தது. வலது கை கீழே போய்க் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. கயிற்றில் பூசியிருந்த தார் பட்டு இமை எரிந்தது. ஒரு கால் அந்தப் பக்கமும் ஒரு கால் இந்தப் பக்கமுமாகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு குனிந்து நின்றவனைப் பார்த்து ஓலாவ் பதறி ஓடிவந்தார். "முழங்காலா?" என்று கேட்டுக் கையை நீட்டினார். முழங்காலில் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் "ஆமாம்" என்று சொல்லி அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.