சிவப்புப் பண்டாவின் வால்

உறவுக்காரர் எவரும் இல்லாத ஒரு வாரம் வேண்டும் என்றுதான் முதுகுப்பையைத் தூக்கிக்கொண்டு, வீடிருக்கும் ஓல்டனில் ரயிலேறினேன். ஊர் ஊராகச் சுற்றி, துன் ஏரிக்கு மேலே இருந்த ஒரு சிறிய விலங்குச் சரணாலயத்துக்குச் சிவப்புப் பண்டா பார்க்கப் போனேன்.

பண்டா மர உச்சியில் சுருண்டு தூங்கியது. தெரிந்தது கொழுத்த வால் மட்டும். மரத்தடியில் அதற்கு மூங்கில் இலைகள் வைத்திருந்தார்கள். அது எழும்பி முகத்தைக் காட்டும்வரை அசைவதில்லை என்று வேலியோரம் நின்றேன். மழை தூறியது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. சொர்க்கம்!

"பிள்ளை தமிழோ?"

பின்னால் குடையோடு ஓர் அன்ரி. துன்னில் ஹோட்டல் ஒன்றில் வேலையாம், இன்றைக்கு லீவாம்.

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது?

"ஊரில எவடம்?"

"நான் இஞ்ச பிறந்தனான். அப்பா அளவெட்டி."

"அளவெட்டியில எவடம்?"

கோயிலடி, பள்ளிக்கூடத்தடி என்று பேச்சிலேயே ஒழுங்கை ஒழுங்கையாகப் போனோம். என் பெரியப்பாவின் மருமகன் அன்ரியின் அண்ணன் மகன் என்று கண்டுபிடித்தபோது இருவருமே கத்திவிட்டோம். திரும்பிப் பார்த்தால், கீழே வைத்திருந்த மூங்கில் இலைகளைக் காணவில்லை. வால் மறுபடியும் மர உச்சியில் தொங்கியது.

மாலையில் அம்மா போன் எடுத்து, "பண்டா பாத்தனியோ?" என்றார். நடந்ததைச் சொன்னேன்.

"பண்டா கிடக்கட்டும். அந்தக் குடும்பத்தில அவ மூத்தவவோ, கடைசியோ?"

"நடுவிலாள்" என்றேன், யோசிக்காமலே.