அன்று நான்தான் கள்ளன்

சீட்டும் பலகையும் வைத்து ஆடும் மேசை விளையாட்டுகளுக்கான பெரிய விழா ஒன்று கொழும்பில் நடந்தது. முதன்முறையாகப் போயிருந்தேன். எல்லோருடைய சட்டையிலும் பெயர் அட்டை இருந்தது. அறிமுகமில்லாதவர்களோடு ஒரு மேசையில் அமர்ந்தேன். விளையாட்டு இதுதான்: மற்றவர்களுக்குக் காட்டாமல் சீட்டு எடுப்பவர்களில் ஒருவர் கள்ளன். அவரைப் பேசிக் கண்டுபிடித்து வெளியேற்ற வேண்டும். தவறான ஆளை வெளியேற்றினால் கள்ளனுக்கு வெற்றி. கள்ளன் சீட்டு எனக்கு வந்தது.

பேச்சு முழுவதும் சிங்களத்தில் நடந்தது. எதிரே இருந்த தமிழ்ப் பெண் ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடிப் பேசினார். ஊரிலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்குக் குடிவந்த புதிதில் நானும் சிங்களம் பேச அப்படித்தான் தடுமாறினேன். ஆனாலும், “இவர் யோசித்து யோசித்துப் பேசுகிறார். பொய் சொல்பவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள்” என்று சரளமான சிங்களத்தில் சொன்னேன். எல்லோரும் அவரைக் கை காட்டினார்கள். அவர் எழுந்து போனார். நான் வென்றேன்.

மாலையில் பஸ் தரிப்பிடத்தில் அவரே என்னிடம் வந்தார்.

“நல்லா விளையாடினீங்கள் அண்ணா. எனக்கு முதல்லயிருந்தே உங்களிலதான் சந்தேகம்.”

“பிறகேன் சொல்லேல்ல?”

“பேரைப் பார்த்தனான். எங்கட ஆள்தானே எண்டு விட்டிட்டன்” என்று சிரித்தார்.

விளையாட்டுத்தானே என்று அவர் நினைத்திருக்கலாம். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கத் தமிழில் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நின்றேன். அதற்குள் அவருடைய பஸ் வந்துவிட்டது.