அரக்குத் தட்டில் இருந்த குரல்

பத்து அங்குல அகலமுள்ள அந்த இசைத்தட்டை அண்ணை, புலம்பெயர்ந்த நாங்கள் வேலைசெய்த பீல் நகரத்துப் பழம்பொருட்கடையொன்றில் வாங்கினார். உறை இல்லை, நடுவே ஒட்டிய நீலத்தாளில் பாடகரின் பெயர் மட்டும் எஞ்சியிருந்தது. அமெரிக்கத் தெற்கின் பருத்தி வயல்களிலிருந்து வந்து, ப்ளூஸ் என்னும் துயரப்பாட்டை முதன்முதலில் தட்டில் பதித்த கறுப்பினத்தவருள் ஒருவர் அவர் என்று கடைக்காரர் சொன்னாராம். அண்ணை அவரைப் பெயர்சொல்லி அழைத்ததில்லை. ‘தம்பி’ என்பார்.

அண்ணை என் உடன்பிறந்தவர் அல்லர். கைக்கடிகாரத் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மேசை. எங்கள் ஊர்ப் பெடியள் சிலராகத் தங்கியிருந்த அறையில் அடுத்த கட்டில். அவருடைய சொந்தத் தம்பியை யாழ்ப்பாணத்தில் ஒரு காலைப்பொழுதில் வீட்டுப் படலையில் வைத்துப் பிடித்துக்கொண்டுபோனார்கள். அவன் திரும்பவில்லை. படங்கள் இரண்டு இருந்தன; குரல் எங்கும் இல்லை. அந்தப் பாட்டின் இறுதியில், சொற்கள் தீர்ந்தபின், பாடகர் வாயை மூடியபடி முனகுவார். நடுவில் ஒருமுறை மூச்சை உள்ளிழுப்பார். கிணற்றடியில் குளிக்கும்போது தம்பி முனகுவதும் அப்படித்தான் என்று அண்ணை ஒரேயொருமுறை சொன்னார். எங்களில் இளையவர் எவரையும் அவர் ‘தம்பி’ என்று அழைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒவ்வொரு முறை ஓடும்போதும் ஊசி தட்டைத் தேய்த்துவிடும். ஆகையால் ஞாயிறு மதியம் மட்டுமே, அதுவும் ஒரே முறை. தாமே பழுதுபார்த்த, சாவி கொடுத்தால் தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் சாவிப்பெட்டியை முடுக்கிவிட்டு, சுவரைப் பார்த்து அமர்வார்.

“அண்ணை, உது பாட்டோ, பல்லுக்குத்தோ?” என்று சீண்டுவேன்.

“பல்லுக்குத்து வந்தவனுக்குத்தான் ஐசே சுருதி தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு கேளும்.”

ஒரு சனிக்கிழமை, அவர் வெளியே போயிருந்தபோது, சாவிப்பெட்டிக்குள் இருந்த தட்டின்மேல் எண்ணெய் படிந்த விரற்றடங்களைக் கண்டேன். எங்கள் தொழிலில் அழுக்கைக் கண்ட கை சும்மா இராது. மதுசாரத்தில், அதாவது ஸ்பிரிட்டில், துணியை நனைத்து, உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்புவரை பொறுமையாகத் துடைத்தேன். கடிகாரத்தினுள் அசையும் கவை என்னும் சிறு கவட்டுறுப்பின் நுனிகளில் இரண்டு மாணிக்கக் கற்கள் அரக்கினால் ஒட்டப்பட்டிருக்கும். மதுசாரம் அரக்கைக் கரைத்துவிடும் என்பதால் அந்தக் கவையை அதில் ஒருபோதும் நனைக்கமாட்டோம். இது என் விரல்களுக்கே தெரிந்த விதி. அந்தக் கரிய தட்டும் அரக்கினால் ஆனதென்பது மட்டும் எனக்குத் தெரியாது. துணி கறுத்தது. தட்டின் பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்தது.

மறுநாள் அண்ணை ஊசியை வைத்தார். தகரக் கூரையில் மணல் கொட்டுவதுபோன்ற இரைச்சலன்றி வேறெதுவும் எழவில்லை. பாட்டு ஓடும் நேரம் முழுவதும் அசையாமல் கேட்டார்.

“இண்டைக்குத் தூரத்திலை நிண்டு பாடுறான்” என்றார்.

அடுத்த ஞாயிறும் போட்டார், அதற்கடுத்த ஞாயிறும். மணமுடித்து ஓஸ்டர்முண்டிகன் என்ற வேறு ஊருக்கு வந்தபின்னும் அந்த இரைச்சல் என்னை விடவில்லை. சுரங்கப்பாதைக்குள் புகும் ரயிலில், உதிரிப்பாகங்கள் கழுவும் இயந்திரத்தில், அது திடீரென்று எழும்; அதனுள் எங்கோ ஒரு மூச்சு உள்ளிழுக்கப்படும் என்று காத்திருப்பேன்.

அண்மையில் என் மகள் அதே பாட்டின் வேறொரு பிரதியை இணையத்தில் தேடிக் கண்டெடுத்தாள். ஞாயிறன்று அதைக் கைப்பேசியில் ஏந்தி அண்ணையிடம் போனேன். அதே அறையில், இப்போது தனியாக இருக்கிறார். குரல் கண்ணாடிபோல் தெளிவாக ஒலித்தது. இறுதியில் முனகலும் வந்தது.

“ஆள் இவர்தான்,” என்றார். “ஆனா மூச்சைக் காணேல்லை.”

மீண்டும் ஓட்டினேன். உண்மைதான். இரைச்சலை அகற்றியவர்கள் அதனோடு மூச்சையும் அகற்றியிருந்தார்கள். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“அண்ணை, அண்டைக்கு உங்கடை தட்டை ஸ்பிரிட்டாலை துடைச்சது நான்தான்.”

“தெரியும். பெட்டியைத் திறக்கேக்கையே மணந்தது.”

“பிறகேன் கேக்கேல்லை?”

“கேட்டிருந்தா நீர் ஓம் எண்டிருப்பீர். பிறகு நான் அதைப் போட ஏலாதே.”

அப்படியானால் இவ்வளவு காலமும் ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போட்டுவந்திருக்கிறார்.

“தேத்தண்ணி குடிக்கிறீரோ?” என்றபடி எழுந்தார்.

குடித்தோம். மதியம் கழிந்து, சன்னல் வெயில் கட்டிலைத் தாண்டிச் சுவருக்கு ஏறும்வரை அங்கேயே இருந்தேன். அண்ணை சாவிப்பெட்டியின் பக்கம் போகவே இல்லை.